பந்தல் நிறைய இலை, கொத்து ஒன்றும் இல்லை: வீட்டுத் திராட்சைக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

கிருஷ்ணகிரிப் பக்கம் காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம், துவைக்கும் கல்லுக்கும் மதில்சுவருக்கும் நடுவில், நான்கு கல்தூண் நட்டுப் பத்தடிக்குப் பத்தடியில் ஒரு கம்பிப் பந்தல் போட்டிருக்கிறேன். அதில் ஏறியிருப்பது அர்கா நீலமணி. பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், பிளாக் சம்பாவையும் தாம்சன் விதையில்லாத் திராட்சையையும் இணைத்து உருவாக்கிய கலப்பின ரகம் அது. கறுப்பு, விதை கிடையாது, கடித்தால் மொறுமொறுப்பு. பக்கத்துத் தெருக்களில் பெங்களூர் நீலம் இரண்டு வீட்டிலும் பன்னீர்த் திராட்சை ஒரு வீட்டிலும் இருக்கின்றன. கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

வாரத்துக்கு ஒருவராவது ஒரு இலையைக் கிள்ளிக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். "இதற்கு என்ன மருந்து அடிக்கலாம், அண்ணா?" என்பார். நான் இலையைப் பார்க்கும் முன் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக எந்தத் தேதியில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தீர்கள்? பெரும்பாலும் பதில் வராது. மாம்பழ ஊரில் பிறந்த நமக்கு இது புதிது. நம் ஊரில் மாமரத்தை ஆண்டுக்கு இரண்டு முறை மொட்டையடித்தால் ஊரே கூடிச் சிரிக்கும். திராட்சையோ மொட்டையடித்தால்தான் காய்க்கும். வீட்டுத் திராட்சையில் நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் கத்தரியில் தீர்ந்தவை. மருந்துக்கடைக்குப் போவதற்கு முன் கீழே உங்கள் அறிகுறி இருக்கிறதா என்று பாருங்கள்.

என் கணக்கு இதுதான். மார்கழிக் கடைசியில், அதாவது ஜனவரி முதல் இரு வாரங்களுக்குள், காய்ப்புக்காக வெட்டும் காய்க்கவாத்து. அங்கிருந்து ஏறத்தாழ 120 நாளில், சித்திரை முடிவதற்குள் பழம். பறித்து முடித்து இரண்டு மூன்று வாரம் கொடியை ஓய்வாக விட்டு, ஜூன் தொடக்கத்தில் ஒவ்வொரு கிளையையும் ஒரு கணு, இரண்டு கணுவுக்குக் குட்டையாக வெட்டும் அடிக்கவாத்து. மே, ஜூனில் காய்க்கே வெட்டி ஆகஸ்ட், செப்டம்பரில் இரண்டாம் போகம் எடுப்பவர்களும் உண்டு. பழம் பழுக்கும் நேரமும் மழை பிடிக்கும் நேரமும் ஒன்றாக வந்து நிற்கும் அந்தப் போகத்துக்கு நான் ஆசைப்படுவதில்லை. வெட்டிய தேதியைத் தூணிலேயே பெயின்டால் எழுதிவிடுகிறேன். காகிதத்தில் எழுதினால் காகிதம் தொலைந்துவிடுகிறது.

கொடி தழைதழை என்று இருக்கிறது, ஒரு கொத்துகூட இல்லை

இதுதான் முதலிடம். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் வயது. குச்சி நட்டு முதல் ஆண்டில் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. அந்த ஆண்டு முழுவதும் ஒரே தண்டாக மேலே ஏற்றி, பந்தலுக்குச் சற்றுக் கீழே நுனியைக் கிள்ளி, இரு பக்கமும் கைகளைப் பிரித்துவிடும் வேலைக்கே சரியாக இருக்கும். இரண்டாம் ஆண்டில் சில கொத்து வரலாம். மூன்றாம் ஆண்டிலும் வெறும் இலைதான் என்றால் காரணத்தைத் தேட வேண்டும்.

வயது சரிதான், ஆனால் வெட்டியதே இல்லை என்றால் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. திராட்சைப் பூங்கொத்து புதிதாக வெடிக்கும் துளிரில்தான் வரும். அந்தத் துளிர், போன பருவத்தில் வளர்ந்து முற்றிய குச்சியின் மொட்டிலிருந்து வர வேண்டும். வெட்டாத கொடி நுனியில் மட்டும் நீண்டுகொண்டே போகும். அதன் நடுவில் இருக்கும் நல்ல மொட்டுகள் தூங்கிக்கொண்டே இருக்கும்.

வெட்டினேன், அப்போதும் வரவில்லை என்பவர்கள் எந்தக் குச்சியை, எங்கே வெட்டினார்கள் என்று பார்க்க வேண்டும். நல்ல குச்சி பென்சில் பருமனில் இருக்கும். பட்டை பழுப்பாக மாறியிருக்கும். வெட்டிய முகத்தைப் பார்த்தால் உள்ளே இளம்பச்சை ஈரம் தெரியும், நடுவில் இருக்கும் நெட்டி சிறுத்திருக்கும். இன்னும் பச்சையாக, நசுக்கினால் நசுங்கும் குச்சியில் எத்தனை கணு விட்டாலும் இலைதான் கிடைக்கும். அதை ஒரு கணுவோடு வெட்டி அடுத்த பருவத்துக்கு விட்டுவிடுங்கள். தடித்த கட்டைவிரல் அளவுக் குச்சியும் அப்படியே, கொழுத்துப்போனது காய்க்காது.

எத்தனை கணு விடுவது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. காய்க்கும் மொட்டு அடியிலிருந்து எத்தனையாவது கணுவில் இருக்கும் என்பது ரகத்துக்கு ரகம் மாறும். தாம்சன் வழி வந்தவை அடிக்கணுக்களில் பெரும்பாலும் ஏமாற்றும். கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட வெட்டித் தெரிந்துகொள்வது எளிது. ஒரே கொடியில் சில குச்சிகளை 4 கணுவிலும் சிலவற்றை 6 கணுவிலும் சிலவற்றை 8 கணுவிலும் வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு நிறத் துணிநாடாவைக் கட்டுங்கள். மூன்று வாரத்தில் எதில் பூங்கொத்து தெரிகிறதோ அதுவே உங்கள் கொடியின் எண். எனக்கு 6 என்று வந்தது. அதே ரகம் வைத்திருக்கும் என் மைத்துனருக்கு ஒசூர்ப் பக்கம் 4 கணுவிலேயே கொத்து வருகிறது. அங்கே உயரமும் வேறு, குளிரும் வேறு.

குச்சியும் சரி, கணுவும் சரி, அப்போதும் இல்லையா? நிழலைப் பாருங்கள். ஜனவரியில் வரப்போகும் கொத்து, ஜூன் கவாத்துக்குப் பிறகு ஆடி, ஆவணியில் மொட்டுக்குள் உருவாகிவிடுகிறது. அந்த நாட்களில் வெயில் மொட்டின் மேல் விழ வேண்டும். வீட்டுப் பந்தலில் என்ன நடக்கிறது? துவைக்கிற இடத்துக்கு நிழல் நன்றாக இருக்கிறது என்று ஒரு இலையையும் தொட மாட்டோம். நிழலும் வேண்டும், கொத்தும் வேண்டும் என்றால் ஏதாவது ஒன்றுதான் கிடைக்கும். நண்பகலில் பந்தலுக்குக் கீழே தரையைப் பாருங்கள். அங்கங்கே காசு காசாக வெயில் விழ வேண்டும். ஒட்டுமொத்தமாக இருட்டாக இருந்தால் ஒல்லியான துளிர்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போகும் துளிர்களையும் பிடுங்கிவிடுங்கள்.

கடைசியாக ஒரு காரணம். இதில் நானே ஏமாந்தேன். என் முதல் கன்று ஒட்டுக்கன்று. அடியில் வேருக்கென்று டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடி, மேலே நல்ல ரகம் என்று சொல்லி விற்றார்கள். இரண்டாம் ஆண்டில் மதில் தாண்டிப் போனது, அவ்வளவு வீரியம். வீட்டில் எல்லோருக்கும் பெருமை. மூன்றாம் ஆண்டிலும் பூவே இல்லை. ஒருநாள் அடியில் மண்ணை விலக்கிப் பார்த்தால் ஒட்டுக்குக் கீழேயிருந்து கிளம்பிய குச்சிதான் பந்தல் முழுக்கப் பரவியிருந்தது. ஒட்டுக்கு மேலே இருந்தது காய்ந்து, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மொட்டைக் குச்சியாக நின்றது. உங்கள் கொடியின் அடியில் ஒட்டு வீக்கம் தெரிகிறதா, இலை எல்லாம் ஒரே வடிவில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை நகத்தால் கிள்ளும் அளவில் இருக்கும்போதே கிள்ளிவிட வேண்டும். ஒட்டையும் மண்ணுக்கு மேலே தெரியும்படி வையுங்கள். உரம் போடுகிறேன் என்று மண் அணைத்து மூடிவிடாதீர்கள்.

வெட்டிய இடத்தில் தண்ணீர் சொட்டுகிறது

சொட்டட்டும். வேர் அழுத்தத்தால் நீர் ஏறி வடிகிறது, சில நாளில் நின்றுவிடும். மஞ்சள் குழைத்துப் பூசியவர்களையும் மெழுகுவர்த்தி உருக்கி ஊற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன். செடிக்கு அதனால் நன்மையும் இல்லை, பெரிய தீமையும் இல்லை. தடித்த தண்டை வெட்டியிருந்தால் மட்டும், மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோப் பசையைத் தடவுங்கள். கவாத்துக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட்டால் வடிவதும் குறையும், குச்சியும் நன்றாக முற்றும்.

நுனி மொட்டு மட்டும் வெடிக்கிறது, நடுவில் உள்ளவை அப்படியே கிடக்கின்றன

நுனி மொட்டு மற்றவற்றை அடக்கிவைக்கும் குணம் திராட்சைக்கு அதிகம். வணிகத் தோட்டங்களில் இதற்கு ஹைட்ரஜன் சயனமைடு தடவுகிறார்கள். அது கடும் விஷம். குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்குள் அதைக் கொண்டுவர வேண்டாம். வீட்டுக்கு எளிய வழி குச்சியைப் படுக்கவைப்பது. வெட்டிய உடனே குச்சியை வில்லாக வளைத்து, நுனி சற்றுக் கீழே தாழும்படி கம்பியில் கட்டுங்கள். நடு மொட்டுகளும் வெடிக்கும். வெடித்த பிறகு கட்டை அவிழ்த்து நேராக்கிக்கொள்ளலாம்.

மொட்டு வெடித்தது; மறுநாள் காலை அந்த இடத்தில் ஒன்றும் இல்லை

எலி என்பார்கள், குருவி என்பார்கள். டார்ச் எடுத்துக்கொண்டு இரவு ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள். மிளகைவிடச் சற்றுப் பெரிதாக, செம்புப் பாத்திரம் போல மின்னும் ஒரு வண்டு மொட்டைக் குடைந்துகொண்டிருக்கும். பகலில் உரிந்த பட்டைக்குள் ஒளிந்துகொள்ளும். இலை விரிந்த பிறகும் வந்தால் இலையில் கோடு கோடாகக் கீறியதுபோல ஓட்டைகள் விழும்.

பந்தலுக்குக் கீழே பழைய வேட்டியை விரித்துக் கொடியை ஒரு குலுக்குக் குலுக்கினால் பொலபொலவென்று விழும். சோப்புத் தண்ணீர் வாளியில் கொட்டிவிடுங்கள். வெட்டிய நாளிலிருந்து இரண்டு வாரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் இதைச் செய்தால் வீட்டுக் கொடிக்குப் போதும். கவாத்தன்றே தண்டில் தொங்கும் பழைய பட்டையை உரித்துச் சுத்தம் செய்துவிட்டால் ஒளிய இடமே இருக்காது. உரித்த பட்டையை அங்கேயே போடாமல் கொளுத்திவிடுங்கள்.

பூ கொட்டுகிறது

பதறுவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளைக் கொத்துக்கு அடியில் பிடித்துத் தட்டிப் பாருங்கள். விழுந்தவற்றில் பச்சைத் தொப்பி போல, அடியில் ஐந்து பிளவோடு சிறு சிறு மூடிகள் இருந்தால் அது பூ கொட்டுவது அல்ல. திராட்சைப் பூ மேலிருந்து விரிவதில்லை. இதழ்கள் எல்லாம் ஒன்றாக ஒட்டி, தொப்பியைக் கழற்றுவதுபோல அடியிலிருந்து கழன்று விழும். அது நடந்தால்தான் பிஞ்சு பிடிக்கும். காம்போடு சேர்ந்து குண்டூசித் தலை அளவுப் பிஞ்சுகள் விழுந்தால்தான் கவலை. அதுவும் ஓரளவுக்கு இயல்பே. ஒரு கொத்தில் இருக்கும் பூ எல்லாம் காயானால் மணிகள் ஒன்றையொன்று நசுக்கிக்கொள்ளும்.

அளவுக்கு மீறிக் கொட்டினால் பெரும்பாலும் யூரியா கைதான். பூக்கும் சமயத்தில் தழைச்சத்து கொடுத்தால் கொடி பூவை விட்டுவிட்டு இலைக்குப் போய்விடும். அந்த இரண்டு வாரத்தில் உரமும் வேண்டாம், பூவின் மேல் தண்ணீர் பீய்ச்சுவதும் வேண்டாம். இணைச் செடி ஒன்று வேண்டுமா என்று கேட்கிறார்கள். நாம் வளர்க்கும் ரகங்களில் ஆணும் பெண்ணும் ஒரே பூவில்தான். ஒற்றைக் கொடியே காய்க்கும்.

இலையில் ஏதோ வந்திருக்கிறது

"ஏதோ" என்று வந்தால் மருந்தும் ஏதோ ஒன்றாகத்தான் போகும். இலையைத் திருப்பிப் பாருங்கள். பாதி விடை அடிப்பக்கத்தில் இருக்கிறது.

மேலே எண்ணெய் பட்டதுபோல மஞ்சள் திட்டு. திருப்பினால் அதே இடத்தில் வெள்ளைப் பஞ்சு. இது அடிச்சாம்பல். புரட்டாசி, ஐப்பசி மழையில் இரண்டே வாரத்தில் பந்தலைக் காலிசெய்துவிடும். அப்போது கொடியில் காய் இல்லையே என்று விட்டுவிடுபவர்கள்தான் ஜனவரியில் என்னிடம் வருகிறார்கள். இலை போனால் குச்சி முற்றாது. குச்சி முற்றாவிட்டால் கொத்து இல்லை. பெங்களூர் நீலம், கீழே வரும் ஆந்த்ராக்னோஸ் நோயைத் தாங்கிக்கொள்ளும், ஆனால் அடிச்சாம்பலைத் தாங்காது என்பதையும் அதை வைத்திருப்பவர்கள் நினைவில் கொள்ளட்டும்.

இலையின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம், தண்டு, பிஞ்சு எல்லாவற்றிலும் சாம்பல் தூவியதுபோல இருந்தால் அது சாம்பல் நோய். இதற்கு மழை வேண்டாம். மேகமூட்டமும் காற்றோட்டமில்லாத அடர்த்தியும் போதும்.

சிறு சிறு கரும்புள்ளி, ஓரம் கறுத்து நடு சாம்பல் நிறமாகி, பிறகு நடு உதிர்ந்து சல்லடைக்கண் போல ஓட்டை. இளந்தண்டில் குழிந்த புண். காயில் பறவையின் கண் போல வட்டம். இது ஆந்த்ராக்னோஸ். இளந்துளிரும் மழையும் சேரும் நாட்களில் வரும். நீலமணி இதை ஓரளவு எதிர்த்து நிற்கும். நான் இந்த ரகத்தைத் தேடிப் போனதற்கே பாதிக் காரணம் அதுதான்.

அடிச்சாம்பலுக்கும் ஆந்த்ராக்னோசுக்கும் வருமுன் காக்கும் மருந்து போர்டோக் கலவை, 1 சதவீதம். பத்து லிட்டருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம். இரண்டு பிளாஸ்டிக் வாளி எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு, தகரம் கூடாது. ஒன்றில் ஐந்து லிட்டர் தண்ணீரில் மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து தொங்கவிட்டால் அடியில் தங்காமல் கரையும். இன்னொன்றில் சுண்ணாம்பை நீற்றி, ஆறவைத்து, வடிகட்டி, ஐந்து லிட்டராக்குங்கள். துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். தலைகீழாக ஊற்றினால் திரிந்துவிடும். வானநீலத்தில் சந்தனம் கரைத்ததுபோல மெத்தென்று வந்தால் சரி. பழைய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் நனைத்து எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு நீர் சேர்த்து மறுபடி சோதியுங்கள். செம்பு படிவது நிற்கும் வரை அடிக்கக் கூடாது, இலை கருகும். கலந்த அன்றே அடித்துத் தீர்க்க வேண்டும். சுவருக்கு ஒரு பழைய போர்வையைப் போர்த்திவிட்டு அடியுங்கள். எங்கள் வெள்ளை மதில் இன்றும் திட்டுத் திட்டாக நீலமாக இருக்கிறது. அதை வீட்டில் சொல்லிக்காட்டாத நாள் இல்லை.

ஜூன் கவாத்துக்குப் பிறகு துளிர் விரிந்ததும் ஒரு முறை, பருவமழை தொடங்கும் முன் ஒரு முறை, நடுவே வெயில் காயும் நாள் கிடைத்தால் இன்னொரு முறை. காய்ப்பருவத்தில் மணிகள் நிறம் மாறத் தொடங்கிய பிறகு இதைக் கையில் எடுக்காதீர்கள்.

சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 முதல் 3 கிராம். காலையில் அடியுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பங்குனி வெயிலில் நண்பகலில் கந்தகம் அடித்தால் நோயைவிட மருந்துதான் அதிகம் சுடும். அமெரிக்க இனக் கலப்புள்ள சில ரகங்களுக்குக் கந்தகமே ஒவ்வாது. ஆகவே முதலில் ஒரே கிளையில் அடித்து மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள். போர்டோவையும் கந்தகத்தையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. எதை அடித்தாலும் மூக்குக்கும் கண்ணுக்கும் கைக்கும் மறைப்பு வேண்டும்.

இனி நோயல்லாத மஞ்சள். நுனியில் இருக்கும் இளம் இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சை வலைபோலத் தெரிந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, நம் செம்மண்ணே இரும்புதான். புது வீடு கட்டியவர்கள் வீட்டில்தான் இதை அதிகம் பார்க்கிறேன். பூச்சுவேலைக் கழிவு, சிமென்ட் கட்டி, சுண்ணாம்பு எல்லாவற்றையும் குழியில் தள்ளி மேலே ஒரு அடி மண் போட்டு மூடியிருப்பார்கள். அந்தக் காரத்தில் இரும்பு பூட்டிக்கொள்ளும். அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், அதில் அரை எலுமிச்சை பிழிந்து, மாலையில் இலைமேல் தெளித்தால் பத்து நாளில் பச்சை திரும்பும். நிரந்தரத் தீர்வு கழிவைத் தோண்டி எடுத்துவிட்டு மட்கிய எரு நிரப்புவதுதான். அடி இலைகளில் நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் என்றால் மெக்னீசியம்.

அடி இலைகளின் ஓரம் மட்டும் காகிதம் எரிந்ததுபோலக் கருகினால் சாம்பல்சத்துக் (பொட்டாஷ்) குறைவாக இருக்கலாம், உப்பாகவும் இருக்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீரை நிரப்பிவைக்கும் வாளியின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளையாகப் பொரிந்திருந்தால் அதே உப்பு வேரடியிலும் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். தினமும் ஒரு குடம் ஊற்றுவதைவிட வாரத்துக்கு ஒரு முறை வேராழம் நனையும்படி பாய்ச்சினால் உப்பு கீழே இறங்கும். மாடியில் விழும் மழைநீரைக் குழாய் வழியாகக் கொடியடிக்குத் திருப்பிவிட்டால் இன்னும் நல்லது. ஒகேனக்கல் தண்ணீர் வரும் வீடுகளில் அந்தக் குழாயைச் செடிக்குத் திருப்பிவிட வேண்டாம். நம் இரு மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பதால் குடிப்பதற்கென்று அவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவரும் தண்ணீர் அது.

ஒரு கிளை மட்டும் திடீரென்று வாடிவிட்டது

நேற்று வரை பச்சை, இன்று தொங்குகிறது, மற்ற கிளைகள் நலம் என்றால் நோய் என்று எண்ண வேண்டாம். வாடிய கிளையை அடிவரை தடவிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் கத்தியால் சுற்றி அறுத்ததுபோல வளையம் தட்டுப்படும். தண்டை வளையமாகக் கடிக்கும் நீள்கொம்பு வண்டின் வேலை அது. வளையத்துக்கு மேலே காயும் பகுதியில்தான் முட்டையிடும். வளையத்துக்குக் கீழே வெட்டி, அந்தத் துண்டை அன்றே எரித்துவிடுங்கள். தண்டில் வளையம் இல்லாமல் கொடியே வாடினால் வேரடியைத் தோண்டிப் பாருங்கள். தண்ணீர் தேங்கி வேர் அழுகியிருக்கும், அல்லது கறையான் ஏறியிருக்கும்.

எறும்பு வரிசையாக ஏறுகிறது, இலை பிசுபிசுக்கிறது

எறும்பைத் தொடர்ந்து போனால் மாவுப்பூச்சி இருக்கும் இடத்துக்கு அதுவே கூட்டிப்போகும். தண்டைச் சுற்றிப் பாலித்தீன் தாளைக் கட்டி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். இதை எல்லோரும் செய்கிறார்கள். பந்தல் தூணுக்குத் தடவுவதை மறந்துவிடுகிறார்கள். எறும்பு தூண் வழியாக ஏறிக் கம்பிமேல் நடந்து கொத்துக்கு வந்துவிடும். நான்கு தூணுக்கும் தடவுங்கள், மதிலில் சாய்ந்திருக்கும் கிளையையும் விலக்கிக் கட்டுங்கள். பூச்சி இருக்கும் இடத்தில் பழைய பல்துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் ஒரு கொடிக்கு அரைமணி நேர வேலை. கொத்துக்குள் புகுந்துவிட்டால் அந்தக் கொத்தையே வெட்டி எறிந்துவிடுங்கள்.

பழம்

பழுத்தும் புளிக்கிறது என்ற புகாருக்கு முதல் கேள்வி: எப்போது பறித்தீர்கள்? நிறம் வந்த உடனே பறித்திருப்பீர்கள். கறுப்பு ரகங்களில் நிறம் முந்திக்கொள்ளும், இனிப்பு பிந்தி வரும். கொத்தின் அடிநுனியில் இருக்கும் மணிதான் கடைசியாகப் பழுக்கும். அதை ஒன்று பிய்த்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கத்தரியை எடுக்க வேண்டும். நாலு நாள் வைத்தால் இனித்துவிடும் என்று எங்கள் அத்தை கொத்துகளை வைக்கோலில் பொதிந்து மச்சில் வைத்தார். மாங்காய்க்குப் பழகிய கை. திராட்சை பறித்த பிறகு பழுக்காது, சுருங்கும், அவ்வளவுதான்.

ஒரே கொத்தில் பாதி கறுப்பு, பாதி பச்சை என்றால் பெரும்பாலும் கொத்து அதிகம், இலை குறைவு. பெங்களூர் நீலத்துக்கு இது கூடப்பிறந்த குணம், முழுவதும் போகாது. ஒரு கொத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து நல்ல இலையாவது வேண்டும். பட்டாணி அளவில் இருக்கும்போதே ஒரு துளிருக்கு ஒரு கொத்து என்று நிறுத்தி மற்றதை வெட்டிவிடுகிறேன். வெட்டும்போது வீட்டில் எல்லோரும் என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். என் பந்தலில் 30 கொத்துக்கு மேல் விடுவதில்லை.

மணி கடை மணியைவிடச் சிறிதாக இருக்கிறது என்றால் கோளாறே இல்லை. கடையில் வாங்கும் விதையில்லாத் திராட்சை பெரும்பாலும் ஜிப்ரெலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியில் நனைத்துப் பெரிதாக்கியது. விதையில்லாத மணி தானாக அவ்வளவு பருக்காது. நெருக்கமாக இருக்கும் கொத்தில் சிறு கத்தரியால் உள்ளே வளரும் பிஞ்சுகளை எடுத்துவிட்டால் மற்றவை சற்று பருக்கும்.

மணிமேல் வெள்ளைப் படலமா? விரலால் துடையுங்கள். துடைத்த இடம் கண்ணாடிபோல மின்னினால் அது பழத்தின் இயற்கையான மெழுகு. மருந்தும் அல்ல, நோயும் அல்ல. துடைத்த இடத்தில் பழுப்புக் கோடுகள் வலைபோலத் தெரிந்தால் சாம்பல் நோய். அந்த மணி வெடிக்கும்.

சாம்பல் நோய் இல்லாமலும் வெடிக்கிறது என்றால் தண்ணீர்தான். மண்ணைக் காயவிட்டுத் திடீரென்று பாய்ச்சினாலோ, சித்திரையில் இடியோடு ஒரு கோடை மழை கொட்டினாலோ தோல் தாங்காமல் பிளக்கும். மழையை நிறுத்த முடியாது. ஆனால் வேரடியில் மூடாக்கு போட்டு ஈரத்தை ஒரே சீராக வைத்திருந்தால் சேதம் குறைகிறது. பறிப்பதற்கு ஒரு வாரம் முன்பு தண்ணீரை நிறுத்திவிடுங்கள். மழைக்கு மறுநாள் வெடித்த மணிகளைக் கத்தரியால் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் குளவி வரும், அழுகல் பக்கத்து மணிக்குப் பரவும்.

பகலில் அணிலும் குருவியும், இரவில் வௌவால். பந்தல் முழுவதும் வலை போட்டேன். ஒரு ஓணான் சிக்கி அதை விடுவிக்க ஒரு காலைப்பொழுது போனது. இப்போது கொத்துக்கு ஒரு பை. பழைய வலைத்துணியைத் தைத்து, வாயில் நாடா கோத்து, நிறம் மாறத் தொடங்கும் வாரத்தில் கட்டிவிடுகிறேன். பிளாஸ்டிக் பை கூடாது, உள்ளே வியர்த்து அழுகும். மூன்று நான்கு கொத்தைக் கட்டாமல் வெளியே விட்டுவிடுகிறேன். அணில் அதைத் தின்றுவிட்டுப் போகிறது. பைகளைக் கிழிப்பது குறைந்திருக்கிறது.